பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் அமிர்தம்

அமிர்தத்தின் முதுகில் புண் வந்ததிலிருந்து சிங்காரவேலு ஓர் இடத்தில் உட்கார்ந்தவரில்லை. ஐப்பசி மாதம். நட்டு முடித்த சம்பாவுக்கு வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். அமிர்தத்தை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு மறுபடி மடைக்கு ஓடுவார். வயலில் நிற்கும்போது வீட்டில் என்ன ஆயிற்றோ என்றிருக்கும். வீட்டில் நிற்கும்போது மேலண்டை வயல்காரன் தண்ணீரைத் திருப்பிவிட்டானோ என்றிருக்கும்.

"வாதம் வந்தது எனக்கா அவருக்கான்னே தெரியல. நான் ஒரே எடத்துல கெடக்கேன், அவரால ஒரு எடத்துல நிக்க முடியல" என்று அமிர்தம், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பக்கவாதம் அவளுடைய இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதே தவிர, அதிலிருந்து வருகிற பேச்சு நேராகவே வந்தது. பெண்கள் இருவரும் திருப்பூரிலும் ஓசூரிலும் வேலைக்குப் போகிறவர்கள். மாறி மாறி வந்து இருந்தார்கள், லீவு தீர்ந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரத்து ஓட்டு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மிஞ்சினார்கள்.

புண்ணைப் பார்த்த டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். அடியில் மோட்டார் வைத்த காற்று மெத்தை இருந்தால் நல்லது. காற்று மாறி மாறி ஏறி இறங்குவதில் புண் சீக்கிரம் ஆறும். முதல் விஷயத்தை சிங்காரவேலு உடம்பால் செய்தார். இரண்டாவது விஷயத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலை, தை மாதம் அறுவடைக்குப் பிறகு பேச வேண்டிய விலையாக இருந்தது.

அப்போதுதான் குட்டியானை வண்டி ஓட்டும் ஜாஃபர் சாதிக் வந்து சொன்னான். "மாமா, தஞ்சாவூர்ல காவிரிப்படுகை மூத்தோர் நல்வாழ்வு மையம்னு ஒண்ணு இருக்கு. பிளாஸ்டிக் சேர் எறக்கப் போனேன். செவுத்துல எழுதிப் போட்டிருக்கான். இல்லத்திலே இனிய முதுமைத் திட்டமாம். வீட்டுல வெச்சுப் பாக்குறவங்களுக்குப் பயிற்சி குடுத்து, காத்து மெத்தையும் சும்மாவே குடுக்குறானாம்."

மறுநாளே, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிங்காரவேலு தஞ்சாவூர் போய்விட்டார். மையத்தில் ஒருங்கிணைப்பாளர் பிரகதீஸ்வரி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். அவர் வேர்த்து நின்றதைப் பார்த்துக் காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாள்.

"முதியவர் யாருங்க?"

"எஞ் சம்சாரங்க."

"வயசு?"

"அறுபத்தேழு."

"அவங்களைப் பராமரிக்கிறது?"

"நாந்தாங்க."

"உங்க வயசு?"

"எழுவத்து மூணு."

சிங்காரவேலு ஏதோ சொல்லத்தகாத வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல் பிரகதீஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஐயா, பராமரிப்பாளருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கப்படாது. எழுபதைத் தாண்டிட்டாலே நீங்க முதுமுதியோர். உங்களையே ஒருத்தர் பாத்துக்கணும்."

"எனக்கென்னம்மா? இன்னிக்குக் காலையிலகூட மம்பட்டி புடிச்சு வரப்பு வெட்டிட்டுத்தான் வர்றேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஏத்துக்கணுமில்ல? சரி, வீட்டுல எழுபதுக்குக் கீழ யாரு இருக்கா?"

"அவ மட்டுந்தாங்க."

"அப்புறம் என்ன கவலை!" பிரகதீஸ்வரியின் முகம் மலர்ந்தது. "அவங்க பராமரிப்பாளர், நீங்க முதியவர்." தட்டினாள். திரையில் பச்சையாக ஒரு குறி வந்து விழுந்தது. "பாருங்க, உடனே எடுத்துக்கிச்சு."

"அம்மா, அவ படுத்த படுக்கையாக் கெடக்காம்மா."

"படுக்கையில இருக்காரான்னு முதியவரைப் பத்தித்தான் கேக்கும். பராமரிப்பாளர் நிக்கிறாரா படுத்திருக்காரான்னு கேக்கவே கேக்காது. உங்களுக்கு 'நடமாடும் முதியவர்'னு போட்டிருக்கேன். ரொம்ப நல்ல கேஸுங்க நீங்க."

"மெத்தை குடுப்பீங்கள்ல?"

"பராமரிப்பாளர் நேர்ல வந்து பயிற்சி எடுத்துட்டா மெத்தை நிச்சயம்."

சிங்காரவேலு யோசித்துப் பார்த்தார். மெத்தை யார் பேரில் வந்தால் என்ன, வரப்போவது ஒரே வீட்டுக்குத்தானே. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, புரட்டுகிற நேரம் தப்பிவிடப் போகிறதே என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

விஷயத்தைக் கேட்ட அமிர்தம் ஒரு பக்க வாயால் வெகுநேரம் சிரித்தாள். "கடைசியில கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சு போச்சா, இந்த வீட்டுல யாரு யாரைப் பாத்துக்கிட்டான்னு?"

பயிற்சி நாளன்று ஜாஃபர் சாதிக் குட்டியானையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கயிற்றுக் கட்டிலை வைத்துக் கட்டினான். அமிர்தம் வானத்தைப் பார்த்தபடி தஞ்சாவூருக்குப் போனாள். பள்ளம் வந்தபோதெல்லாம் சிங்காரவேலு தன் இரண்டு கையையும் அவள் முதுகுக்குக் கீழே கொடுத்துக்கொண்டார். பள்ளங்கள் நிறைய இருந்ததால் மையம் வந்து சேர்ந்தபோது அவர் கை அவருடையதாக இல்லை.

வாசலில் காவலாளி நிறுத்தினார். "பராமரிப்பாளர் யாரு?"

கட்டிலில் கிடந்த அமிர்தம் வலது கையைத் தூக்கினாள். காவலாளி அவளைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது.

"நீங்க?"

"நான் முதியவருங்க."

"அப்ப நீங்க உள்ள வரப்படாது."

"ஏன்யா?"

"திட்டத்துக்குப் பேரு என்ன? இல்லத்திலே இனிய முதுமை. முதுமை இல்லத்துல இருக்கணும். நீங்க இங்க நின்னா இல்லத்துல இல்லைன்னு ஆயிடும். பேரை அடிச்சிடுவாங்க. வீட்டுக்குப் போயி இனிமையா இருங்க, போங்க."

"நான் போயிட்டா அவளை யாருய்யா புரட்டுறது?"

"பராமரிப்பாளரை எதுக்குப் புரட்டணும்?" என்றார் காவலாளி. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அடுத்தது வருகைப்பதிவு. வாசல் சுவரில் ஒரு கருவி முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டது. கட்டிலைத் தூக்கி அமிர்தத்தின் முகத்தை அதற்கு நேராகக் காட்டினார்கள். "முகம் பொருந்தவில்லை" என்றது ஒரு பெண் குரல். மறுபடி காட்டினார்கள். மறுபடியும் பொருந்தவில்லை. ஆதார் அட்டைப் படம் எடுத்த காலத்தில் அமிர்தத்தின் வாய் இழுத்துக்கொண்டிருக்கவில்லை.

பிரகதீஸ்வரி ஓடி வந்தாள். "அம்மா, போட்டோவில இருக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கங்கம்மா."

"அப்புடி வெச்சுக்க முடிஞ்சா நான் ஏன் தாயி வைக்கோல்ல படுத்துக்கிட்டு வர்றேன்?"

சிங்காரவேலு கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே உடம்பை வளைத்து உள்ளே நீட்டி, கட்டை விரலால் அமிர்தத்தின் தொங்கிப்போன உதட்டோரத்தை மெல்ல மேலே தூக்கினார். ஒரு கணம் பழைய அமிர்தம் தெரிந்தாள்.

"வணக்கம், அமிர்தம். இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்றது கருவி. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

கட்டில் கூடத்துக்குள் வரக் கூடாது என்றார்கள். பராமரிப்பாளர்கள் எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி. ஜாஃபர் சாதிக் அமிர்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். அவள் இடது பக்கமாகச் சரிந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஷமா என்ற பெண் சட்டென்று தோளைக் கொடுத்தாள். தஞ்சாவூர்க் கீழவாசலில் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவள். வாசலில் தவித்து நின்ற சிங்காரவேலுவைப் பார்த்து, "நான் புடிச்சுக்கிறேன் மாமா, நீங்க கவலைப்படாதீங்க" என்று குரல் கொடுத்தாள்.

ஜாஃபர் சாதிக் லோடு அடிக்கப் போய்விட்டான். காவலாளி பார்க்காத பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், சிங்காரவேலு ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

உள்ளே குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. மையத்தின் இயக்குநர் முனைவர் இளஞ்செழியன் மைக்கைப் பிடித்தார்.

"அன்புசால் பராமரிப்பாளர்களே! முதியோர் தம் வீட்டில் இருக்க வேண்டும். இந்த ஒற்றை உண்மையை எடுத்துச் சொல்வதற்காக நான் பறந்து போகாத நாடு இல்லை. என்னைப் பெற்ற தாய் மன்னார்குடியில் தனியே இருக்கிறார். அவரைக் கண்டு ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. இந்தப் பணி என்னை அவ்வளவு தூரம் ஆட்கொண்டுவிட்டது. ஆனால் என் தாய் எங்கே இருக்கிறார்? வீட்டில் இருக்கிறார்! இத்திட்டத்தின் முதல் வெற்றி என் தாய்தான் என்பதை இந்த அவையிலே பெருமிதத்தோடு பதிவு செய்கிறேன்."

பிரகதீஸ்வரி முதலில் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். பிறகு பராமரிப்பாளர்களின் மனச்சுமையைக் குறைப்பதற்காகச் சிரிப்புப் பயிற்சி நடந்தது. எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சிரிக்க வேண்டும். அமிர்தம் ஒரு கையை மட்டும் தூக்கினாள்.

"ரெண்டு கையும் தூக்குங்கம்மா" என்றார் பயிற்சியாளர்.

"அவங்களுக்கு வாதம்ங்க" என்றாள் ஷமா.

"வாதமெல்லாம் சாயங்காலம் கலந்துரையாடல்ல வெச்சுக்கலாம்" என்றார் பயிற்சியாளர். அமிர்தத்தின் பேருக்கு நேரே 'ஈடுபாடு குறைவு' என்று குறித்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே சிங்காரவேலுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளைப் புரட்டுகிற நேரம் வந்து, போயும் விட்டது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலி அதிகமானால்தான் அப்படிக் கடிப்பாள் என்பது அவருக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். நாலு எட்டு நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

அந்த நேரத்தில் உள்ளே ஒரு சிக்கல் முளைத்தது. மத்தியானம் தலைமையகத்திலிருந்து ஆலோசகர் அம்மா வருகிறார். அவருக்குச் செய்முறை காட்ட வேண்டும். செய்முறைக்கென்று வெளிநாட்டிலிருந்து தருவித்த முதியவர் பொம்மை ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுக்க முடியாது.

"உறையைப் பிரிச்சா தணிக்கையில கேப்பாங்க சார்" என்றாள் பிரகதீஸ்வரி. "பொம்மை புதுசா இருக்கான்னுதான் வருஷா வருஷம் வந்து பாக்குறாங்க."

"பின் எதை வைத்துப் பயிற்சி?" என்ற இயக்குநரின் பார்வை ஜன்னலில் வந்து நின்றது. "அங்கே நிற்கும் பெரியவர் யார்?"

"அவர் முதியவர் சார். வீட்டுல இருக்க வேண்டியவர். உள்ள விட முடியாது."

இயக்குநர் கண்ணை மூடிச் சிந்தித்தார். "முதியவராக உள்ளே விட முடியாது. பொம்மையாக விடலாம்" என்றார்.

பிரகதீஸ்வரி வெளியே வந்து நிபந்தனையைச் சொன்னாள். பொம்மை பேசக் கூடாது, அசையக் கூடாது. அமிர்தம் இருக்கும் கூடத்துக்குள் விட்டால் கல்லாக இருக்கச் சொன்னாலும் இருப்பேன் என்று சிங்காரவேலு உள்ளே போனார்.

கூடத்தின் நடுவில் ஒரு கட்டில். அதன்மேல் அந்த மெத்தை! நீல நிறம், வரிசை வரிசையாகக் குழாய், காலடியில் விர்ரென்று ஓடும் சின்ன மோட்டார். அதில் அவரைப் படுக்க வைத்தார்கள். முதுகுக்குக் கீழே காற்று ஓரிடத்தில் இறங்கி ஓரிடத்தில் ஏறியது. நடவு வயலில் தண்ணீர் பரவுகிற மாதிரி இருந்தது. அவருக்கு அது முள்ளாய்க் குத்தியது. யார் முதுகுக்காகத் தேடி வந்தாரோ அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்துகொண்டிருக்கிறாள். வரப்பு வெட்டுகிற முதுகு மெத்தையில் கிடக்கிறது.

பராமரிப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவரை வலது பக்கம் புரட்டினார்கள், இடது பக்கம் புரட்டினார்கள். கரண்டியால் கஞ்சி ஊட்டினார்கள். தலை வாரினார்கள், துணியால் முகம் துடைத்தார்கள். அவருடைய கல்யாணத்தன்றுகூட அவரை இத்தனை பேர் சிங்காரித்ததில்லை. ஒவ்வொரு முறை இடது பக்கம் புரளும்போதும் அமிர்தம் தெரிந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தாள். ஷமாவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது தோள் கொடுக்க ஆளில்லாமல் ஒரு கையால் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

"பராமரிப்பாளர் அமிர்தம், முதியவரைப் புரட்ட வாங்க" என்றார் பயிற்சியாளர்.

"அவரை நீங்களே புரட்டுங்க. நல்லாத்தான் புரட்டுறீங்க" என்றாள் அமிர்தம். "முடிஞ்சதும் இந்தப் பக்கமும் ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

அதற்குள் ஆலோசகர் அம்மா வந்துவிட்டார். சால்வை போர்த்தினார்கள். அவர் நேராகப் பேச்சுக்கு வந்தார்.

"உங்கள் மையம் மாவட்டத்துக்கே முன்மாதிரி. எங்கள் கணக்கெடுப்பில் ஒரு முதியவர்கூட குறை என்று எதையும் சொல்லவில்லை. முதலில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். குறையைப் பேசப் பேச மனம் சோர்ந்துவிடும் என்று நிபுணர்கள் எச்சரித்ததால், அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து மகிழ்ச்சி முழுமை பெற்றுவிட்டது. பராமரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தியாகிகள். தியாகிகளுக்கு உதவி செய்தால் தியாகம் குறைந்துவிடும் என்பதால்தான் நாங்கள் மிகவும் கவனமாக..."

நாற்காலியின் பிடியிலிருந்து அமிர்தத்தின் கை நழுவியது.

பொம்மை எழுந்தது. எழுந்த வேகத்தில் கஞ்சிக் கிண்ணம் உருண்டது. சிங்காரவேலு இரண்டு தாவலில் போய், தரையில் விழ இருந்தவளை இரண்டு கையிலும் வாங்கினார். அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மெத்தையில் கிடத்தி, வலப்பக்கமாக ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் அண்டக் கொடுத்தார். புண் அழுந்தாதபடி இடுப்புச் சேலையைத் தளர்த்தினார். அமிர்தம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு.

ஆலோசகர் அம்மா கைதட்டத் தொடங்கினார்.

"அற்புதமான செய்முறை! நாம் வாங்கிக் கொடுத்த பொம்மைக்கு இவ்வளவு இயக்கம் கிடையாதே?"

"இது உள்ளூரில் மேம்படுத்திய மாதிரி, மேடம்" என்றார் இயக்குநர்.

படம் எடுத்தார்கள். சான்றிதழ் வழங்கினார்கள். பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் என்ற சான்றிதழை அமிர்தம் படுத்தபடியே வலது கையால் வாங்கிக்கொண்டாள். ஆலோசகர் அம்மா காரேறிப் போனார். வாடகைக்கு எடுத்த சால்வையைப் பிரகதீஸ்வரி ஓடிப்போய்க் கார் ஜன்னல் வழியே திருப்பி வாங்கி வந்தாள்.

"அப்ப மெத்தைய எடுத்துக்கலாங்களா?" என்றார் சிங்காரவேலு.

"எந்த மெத்தை?" என்றார் இயக்குநர்.

"இந்த மெத்தைதாங்க. பயிற்சி முடிஞ்சா குடுக்குறதாச் சொன்னாங்க."

"பெரியவரே, இருப்பது ஒரே மெத்தை. அதை உங்களிடம் கொடுத்துவிட்டால் அடுத்த அணிக்கு எதில் பயிற்சி தருவது? பயிற்சி தராவிட்டால் மெத்தை பெறும் தகுதி ஒருவருக்கும் வராதே. ஊருக்கெல்லாம் தகுதி வர வேண்டும் என்றுதான் இதுவரை யாருக்குமே கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம்."

மற்றப் பராமரிப்பாளர்களும் இதைக் கேட்டார்கள். ஷமா, "எங்களுக்கும் இல்லியா சார்?" என்றாள். இயக்குநர் அந்தக் கேள்விக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். சிங்காரவேலு, மெத்தையிலிருந்து அவளை எப்படி மறுபடி தூக்குவது, எந்த மனசோடு தூக்குவது என்று நின்றார்.

"அம்மா, எறங்குங்கம்மா, ஹாலைப் பூட்டணும்" என்றாள் பிரகதீஸ்வரி.

அமிர்தம் கண்ணைத் திறக்கவில்லை. "பயிற்சி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுதும்மா."

"முடிஞ்சா மெத்தை உண்டுன்னீங்க. மெத்தை இல்லைங்கிறீங்க. அப்ப பயிற்சி முடியல. முடியாம நான் எப்புடி எந்திரிக்கிறது?"

பிரகதீஸ்வரி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர், "இங்கே யாரும் இரவு தங்கக் கூடாது" என்றார்.

"முதியவருதானே தங்கக் கூடாது? நான் பராமரிப்பாளரு. கையில சர்டிபிகேட் இருக்கு. எம் முதியவரு வீட்டுக்குப் போவாரு. தனியா இருப்பாரு. எழுவத்து மூணு வயசு. பராமரிப்பாளரை மையத்துல புடிச்சு வெச்சுக்கிட்டு முதியவரைத் தனியா விட்டாங்கன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க பதில் சொல்லிக்கங்க."

பிரகதீஸ்வரி இயக்குநரின் காதருகே போனாள். "சார், அது கைவிடப்பட்ட முதியவர் கேஸ் ஆயிடும். மையத்து மேலேயே வரும்."

இயக்குநர் கூடத்தைச் சுற்றி நடந்தார். கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்த பொம்மையை நின்று பார்த்தார். அது உதவவில்லை. கடைசியில், மெத்தையைக் கொடுக்க முடியாது, ஆனால் பயிற்சியை இடம் மாற்றலாம் என்று கண்டுபிடித்தார். அமிர்தத்தின் பயிற்சி அவளுடைய இல்லத்திலேயே களப் பயிற்சியாகத் தொடரும். பயிற்சிக் கருவி என்ற வகையில் மெத்தை உடன் செல்லும். அவர் இப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள், லோடு இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த ஜாஃபர் சாதிக் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டான்.

மெத்தை வீட்டுக்கு வந்த சில நாட்களில் புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சிங்காரவேலு மட்டும் ஓய்ந்தபாடில்லை. மோட்டார் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வயலிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு காலையில், அவருக்குத் தண்ணீர் முறை வந்த நாளாகப் பார்த்து, வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே குட்டியானையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வாசலுக்கு மேலே 'களப் பயிற்சிக் கூடம்' என்று துணிப் பலகை கட்டினார்கள். சிங்காரவேலு மம்பட்டியும் கையுமாக நின்றார்.

"வாடகை பேசித்தான் கூட்டியாந்தாங்க மாமா, எங்கேன்னு வழியிலதான் சொன்னாங்க" என்றான் ஜாஃபர் சாதிக், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"மெத்தை எங்க இருக்கோ அங்கதானே பயிற்சி நடத்த முடியும்?" என்று விளக்கினாள் பிரகதீஸ்வரி. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். டீ மட்டும் போட்டுட்டீங்கன்னா போதும்."

அவர் பால் வாங்க ஓடினார். பக்கத்து வீட்டில் டம்ளர் கேட்டு ஓடினார். நடுவில் மடைக்கு ஓடிப் பாதி வழியில் திரும்பினார். வந்தவர்களில் ஷமாவும் இருந்தாள். மெத்தைக்குத் தகுதி வேண்டுமென்றால் மறுபடி பயிற்சி எடுக்கச் சொல்லியிருந்தார்களாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் வீட்டில் யாரையோ வைத்துப் பார்க்கிறவர்கள். அமிர்தத்தைப் புரட்டியபோது அவர்கள் கை பதமாக இருந்தது. "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டுக் கேட்டுப் புரட்டினார்கள்.

பிறகு எல்லாரையும் வாசலில் உட்கார வைத்தார்கள். முனைவர் இளஞ்செழியன் மைக்கின் முன் வந்து நின்றார். அன்றைய தலைப்பு: குடும்பப் பராமரிப்பாளருக்கும் ஓய்வு தேவை.

"ஓய்வு! ஓய்வின்றி நான் சொல்லி வருவது இதைத்தான்..."

குரல் கூரை ஓட்டைப் பிளந்தது. அடுப்படியில் நின்ற சிங்காரவேலுவின் காதில் அதற்கு நடுவே வேறொரு குரல் விழுந்தது.

"ஏங்க... கட்டில் கயிறு முதுகுல அறுக்குதுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தார். மெத்தை சப்பையாகக் கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அந்த வீட்டில் ஒரே ஒரு பிளக்குதான் உண்டு. மைக் கட்ட வந்தவன் மோட்டார் ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு மைக்கைச் செருகியிருந்தான்.

சிங்காரவேலு யாரையும் கேட்கவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கினார். மோட்டார் ஒயரைச் செருகினார்.

விர்ரென்று சத்தம் எழுந்தது. மெத்தை குழாய் குழாயாக எழும்பி அமிர்தத்தைத் தாங்கிக்கொண்டது. வாசலில் இயக்குநரின் குரல் அறுந்துபோயிற்று. ஆனால் அவர் அதைக் கவனிக்கவில்லை. அரைக்கண் மூடி, ஒரு கையை உயர்த்தி, பேசிக்கொண்டே இருந்தார். மைக்கை நம்பியே பேசிப் பழகிய குரல் முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. பிரகதீஸ்வரி சொல்வதற்காக எழுந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாசற்படி வழியாக உள்ளே பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

ஷமா எழுந்து உள்ளே வந்தாள். "நீங்க செத்த படுங்க மாமா. புரட்டுற நேரத்துக்கு நாங்க இத்தனை பேரு இருக்கோம்."

"மடை தொறந்து கெடக்கும்மா."

"அதை நான் பாத்துக்கிறேன்" என்று ஜாஃபர் சாதிக் சுவரில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சிங்காரவேலு அடுப்பைப் பார்த்தார். ஷமா அதை அணைத்திருந்தாள். ஒயரைப் பார்த்தார். அது செருகியபடி இருந்தது. பிறகு தோளில் கிடந்த துண்டை உதறிக் கட்டிலை ஒட்டித் தரையில் விரித்துப் படுத்தார்.

"தலைக்கு ஏதாச்சும் வெச்சுக்கங்க" என்றாள் அமிர்தம் மேலிருந்து. கீழிருந்து குறட்டை வந்தது. வலது கையை நீட்டித் தன் முழங்கால் நடுவிலிருந்த தலையணையை உருவிக் கீழே தள்ளினாள். அது அவர் மார்பில் விழுந்தது. அவர் அதையும் அறியவில்லை.

வாசலில் இயக்குநரின் கைகள் வெகுநேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவழியாக அவர் கும்பிட்டுப் பேச்சை முடித்தார். உள்ளே தூங்குகிறவர் எழுந்துவிடப் போகிறாரே என்று, வந்திருந்த அத்தனை பேரும் உள்ளங்கைகளை ஓசைப்படாமல் சேர்த்துச் சேர்த்துக் கைதட்டினார்கள்.